காணாமல் போனவர் எந்தக் கட்சி?

என் வீட்டுக்காரர் எந்தக் கட்சியிலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் காணாமல் போன பிறகு நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இதுதான். என்ன சட்டை போட்டிருந்தார், எந்தப் பக்கம் போனார், காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டவர்கள் குறைவு. மில் ஓடிய காலத்தில் சங்கத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார். மில்லை மூடியதும் அதையும் விட்டுவிட்டார். பிறகு இங்கே புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. தேர்தல் அன்று விரலில் மையோடு வருவார், யாருக்குப் போட்டார் என்று என்னிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டால், "அத வெளியில சொல்றதுக்கா அங்க மறைப்பு கட்டி வெச்சிருக்கான்?" என்பார்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. 'சரி' என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. பசிக்கிறதா என்றால் சரி, வலிக்கிறதா என்றால் சரி. வேண்டாம் என்பதற்கும் சரிதான். முகத்தைப் பார்த்து நான்தான் புரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் ஒத்து வராத மனிதர் இப்போதுதான் வழிக்கு வந்திருக்கிறார் என்று நானே கேலி செய்திருக்கிறேன். அதற்கும் சரி என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அன்று பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதாந்திரப் பரிசோதனைக்குப் போயிருந்தோம். மருந்து வாங்கும் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. அவரை எதிரே பெஞ்சில் உட்காரவைத்து, என் கைப்பையை மடியில் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் முறை வந்தது, சீட்டை நீட்டினேன், மாத்திரைகளை எண்ணி வாங்கினேன். திரும்பியபோது பெஞ்சில் பை மட்டும் இருந்தது.

கக்கூசில் தேடினேன், கேன்டீனில் தேடினேன், ஸ்கேன் எடுக்கும் கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். வாசலில் காவலுக்கு நின்றவர், "இப்பதாம்மா வெளிய போனாரு. எங்க போறீங்கன்னு கேட்டேன். சரின்னாரு" என்றார். நான் தெருவுக்கு ஓடி இரண்டு பக்கமும் தேடினேன்.

போலீசில் புகாரை எழுதிக்கொண்டார்கள். குறை சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் பேசினார்கள். "நல்ல போட்டோவா ஒண்ணு பேஸ்புக்ல போட்டுடுங்கம்மா. எங்க ஜீப்பவிட அது வேகமா போவும்" என்றார் அங்கிருந்தவர். போட்டோவுக்கு எங்கே போவேன்? எங்கள் வீட்டில் போட்டோ எடுப்பவர் அவர், எடுத்துக்கொள்பவர் அல்ல. என் போனில் இருந்த சிலதில் கண்ணை மூடியிருந்தார், ஒன்றில் ஹெல்மெட் போட்டிருந்தார். ஆதார் அட்டையில் இருக்கும் முகத்தை அவரைப் பெற்றவள் பார்த்தால்கூட யாரடா இவன் என்றுதான் கேட்டிருப்பாள். அப்போதுதான் என் கொழுந்தனார், அவருடைய தம்பி, தன் போனிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

அந்தப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் தலைவருக்குப் பிறந்தநாள் வந்தால் ஊர் முழுக்க பேனர். மேலே தலைவர் பெரிதாகச் சிரிப்பார். கீழே வரிசை வரிசையாகத் தொண்டர்களின் தலைகள். வரிசை நிறைய வேண்டும், இல்லையென்றால் பேனர் கட்டியவருக்குத் தலைக்குனிவு. கொழுந்தனார் தொகுதியில் ஏதோ பொறுப்பில் இருக்கிறார். தலை குறைந்ததால் சொந்த அண்ணன் தலையையே எடுத்துக்கொண்டார். ஒரு நாள் ஷேவ் செய்து முடித்த கையோடு அவரைச் சுவரோரம் நிற்கவைத்து முகத்தை மட்டும் எடுத்துப் போனார். மீதியை டிசைன் போடுகிறவர் பார்த்துக்கொண்டார். அவர் கம்ப்யூட்டரில் வெள்ளைச் சட்டையும் கட்சிக்கரைத் துண்டும் போட்ட ஓர் உடம்பு எப்போதும் தயாராக இருக்கும். எந்தத் தலையைக் கொடுத்தாலும் அதன் மேல் ஒட்டிவிடுவார். கழுத்துக்குக் கீழே அந்த வரிசையில் எல்லோரும் ஒரே ஆள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவரின் வீட்டுச் சுவரை ஒட்டி அந்த பேனரைக் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் அதன் முன் நின்று தன்னையே வெகுநேரம் பார்த்தார்.

அந்தப் படம்தான் போனது. முகம் தெளிவாக இருந்தது, பக்கவாதத்துக்குப் பிறகு கோணிய உதடும் தெரிந்தது. அப்போதைக்கு எனக்கு அது போதும் என்று தோன்றியது. துண்டை நான் பார்க்கவே இல்லை. பெண்டாட்டி முகத்தைத்தானே பார்ப்பாள்?

கொழுந்தனாருக்குத் தெரிந்த உள்ளூர் செய்திப் பக்கம் ஒன்று உடனே போட்டது. 'அரசு ஆஸ்பத்திரியில் இருந்து மாயமான முதியவர், தூங்குகிறதா அரசு?' என்று தலைப்பு. அவருக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. அது போகட்டும். கீழே என் போன் நம்பர். கொஞ்ச நேரத்திலேயே கருத்துகள் குவிய ஆரம்பித்தன. நான் ஒவ்வொன்றையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தேன். யாராவது 'பார்த்தேன்' என்று எழுதியிருப்பார்களா என்று. ஒரு கூட்டம் அரசாங்கத்தைத் திட்டியது. இன்னொரு கூட்டம், "இவங்க ஆட்சியில ஆஸ்பத்திரி எப்படி இருந்துச்சுன்னு மறந்துட்டாங்களா?" என்று பழைய கதையை எடுத்தது. சிலர் இது பொய்ச் செய்தி என்றார்கள். துண்டைப் பார்த்துவிட்டு, "உங்க ஆளத் தேட நாங்க ஏன்யா ஷேர் பண்ணணும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சிரிக்கும் மஞ்சள் முகங்கள் எத்தனை வந்தன தெரியுமா? காணாமல் போன மனிதனைப் பார்த்து என்னய்யா சிரிப்பு என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அதற்கும் ஒரு மஞ்சள் முகம் வரும் என்று சும்மா இருந்தேன்.

என் அண்ணன் மறு கட்சி, இப்போது ஆட்சியில் இருக்கும் கட்சி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அவருடைய வண்டியில் கொடி, வீட்டுக் கதவில் ஸ்டிக்கர். செய்தி தெரிந்ததும் போட்டது போட்டபடி ஓடிவந்தார். அண்ணனும் கொழுந்தனாரும் தேர்தல் நேரத்தில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். அன்று ஒரே வண்டியில் உட்கார்ந்து தேடினார்கள். பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, கடற்கரைச் சாலை, ஒவ்வொரு மாதா கோயில் வாசல், அன்னதானம் போடும் இடங்கள் எல்லாம். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, காலில் செருப்பு வெட்டிப் புண்ணானது. என்னிடம் காட்டாமல் மறைத்தார். அவர் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அவருடைய பக்கத்தில் அந்தச் செய்தி இல்லை. இரண்டாம் நாள்தான் கவனித்தேன். அவர் பகிர்ந்திருந்தால் நூறு பேர் பகிர்வார்கள், அவருக்கு அவ்வளவு ஆட்கள்.

"ஏண்ணா, நீ இன்னும் ஷேர் பண்ணலியா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அந்தப் பேஜ் நியூஸ நான் எப்படிம்மா போடறது? நம்ம பசங்க என்னா நெனைப்பானுங்க? தலைப்பப் பாத்தியா நீ?"

"காணாமப் போனது உன் மச்சான்."

"அதுக்குத்தான தெருத் தெருவா அலையறேன்?" என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மைதான், அலைந்தார். காலைக் கொடுத்தவருக்கு விரலைக் கொடுக்க முடியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீயெல்லாம் ஓர் அண்ணனா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அழுதார். நானும் அழுதேன். கொழுந்தனார் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு, "அண்ணி, ரீச் எகிறுது" என்றார்.

கடைசியில் அண்ணன்தான் ஒரு வழி சொன்னார். அவர்கள் பக்கம் சாய்ந்த ஒரு செய்திப் பக்கத்தில் போடவைக்கிறேன், ஆனால் இந்தத் துண்டோடு போட மாட்டார்கள் என்றார். நாங்கள் டிசைன் போடுகிறவரிடம் போனோம். துண்டை எடுத்துவிட்டு வெறும் சட்டையாகக் கொடுங்கள் என்றேன். அவர் அண்ணனைப் பார்த்தார், அண்ணன் என்னைப் பார்த்தார். "வெறுஞ்சட்டையா இருந்தா யாரோ எவரோன்னு தள்ளிட்டுப் பூடுவானுங்கம்மா. நம்ம ஆளுன்னு தெரிஞ்சாதான் ஷேர் பண்ணுவானுங்க" என்றார் அண்ணன். டிசைன்காரர் மவுஸை இரண்டு தட்டுத் தட்டினார். மறு கட்சியின் துண்டு போட்ட உடம்பும் அவரிடம் தயாராக இருந்தது. என் வீட்டுக்காரரின் தலை அதன் மேல் போய் உட்கார்ந்தது. வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. பிச்சை எடுக்கப் போனவள் எந்த வாசல் என்று பார்ப்பாளா? இரண்டு வீட்டிலும் கை நீட்டினேன்.

நீட்டிய கையில் சூடு வைத்தார்கள். யாரோ ஒருவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'காணாமல் போவதற்குள் கட்சி மாறிவிட்டார்' என்று போட்டார். அதற்கு மேல் சொல்ல வேண்டுமா? நம் ஊரில் கட்சி தாவலைப் பற்றிச் சிரிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'எந்த ரிசார்ட்ல வெச்சிருக்காங்கன்னு பாருங்கப்பா' என்று ஒருவர். 'மந்திரி பதவி குடுத்தா வந்துடுவாரு' என்று இன்னொருவர். அதுவரை அடித்துக்கொண்ட இரண்டு கூட்டமும் அந்த ஒரு படத்தின் கீழே ஒன்றாக உட்கார்ந்து சிரித்தது. அவர் காணாமல் போனது உண்மை என்று நினைத்த ஒன்றிரண்டு பேரும், அட, எடிட்டிங்கா என்று நகர்ந்துவிட்டார்கள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் எடுப்பேன். எடுத்தால், "எக்கா, பெரியவரு இன்னிக்கு எந்தத் துண்டு?" என்று ஒரு குரல் கேட்கும். பின்னால் நாலு பேர் சிரிப்பார்கள். போனை அணைத்து வைக்கச் சொன்னார் அண்ணன். எப்படி அணைப்பேன்? நூறு பொறுக்கிகளுக்கு நடுவே அவரைப் பார்த்த ஒருவர் கூப்பிடலாம் அல்லவா? எல்லாக் கேலியையும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் பீடத்திலிருந்து அறிவித்தார், எல்லோரும் ஜெபம் செய்யுங்கள் என்றார். வெளியே வரும்போது எனக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "அது அந்தக் கட்சி மாறுன ஆளுதான?" என்று கேட்டது காதில் விழுந்தது. சேசுவே என்று தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை. எங்கெல்லாம் அவர் படம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் நானும் போய் ஒவ்வொரு கருத்தாகப் படித்தேன். எல்லாம் படித்து முடித்த பிறகு ஒரு வீடியோ மிச்சம் இருந்தது. கொழுந்தனார் அதை முன்பே அனுப்பியிருந்தார். "பாருங்க அண்ணி, நம்ம ஆளு எப்படிப் பேசறாரு, பொறி பறக்குது" என்று சொல்லி நூறு இடத்துக்கு அனுப்பியிருந்தார். நான் முதல் இரண்டு வார்த்தையோடு மூடிவிட்டேன், கத்தல் தாங்கவில்லை. அண்ணனோ அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாலே நகர்த்திவிடுவார். பல்லாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். ஒரு டீக்கடைக்காரர் தன் கடை முன் நின்று, ஒரு நோயாளியைக்கூடக் காப்பாற்ற வக்கில்லாத அரசாங்கம் என்று நரம்பு புடைக்கக் கத்துகிறார். ஒரு கையில் என் வீட்டுக்காரர் படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து வைத்து ஆட்டுகிறார்.

அவர் கையை வீசும்போது தோள் விலகுகிறது. பின்னால் கடை பெஞ்ச் தெரிகிறது. பெஞ்சில் ஒருவர் டீ குடிக்கிறார். வலது கையில் டம்ளர், நடுங்காமல் இருக்க இடது கையை அடியில் முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கிறார். அப்படிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். கடைப் பலகையில் பிள்ளைச்சாவடி என்று எழுதியிருந்தது, வடக்கே கடலோரக் குப்பம். அண்ணன் வண்டியில் நான் ஏறினேன், கொழுந்தனார் பின்னாலேயே வந்தார். வழி முழுக்க, "ஓரமா ஒக்காந்திருக்கணும், ஒக்காந்திருக்கணும்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

பெஞ்சில் யாரும் இல்லை. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். கொழுந்தனாரை அவருக்குப் பழக்கம். "அக்கா, நம்ம ஆளுக்காக நான் விடமாட்டேன்க்கா. வீடியோ பாத்தீங்கல்ல?" என்றார். நான் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, பெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் வீடியோவில் தன்னையே பார்த்திருக்கிறார் போலிருக்கிறது, இத்தனை நாளும். இப்போதுதான் பின்னால் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

"இவரா? இவரு ரெண்டு மூணு நாள் இங்கதான்க்கா இருந்தாரு. துண்டெல்லாம் இல்ல, சாயம் போன சட்டை. நான் அந்தப் போட்டோவுல இருக்கறவர..." என்று இழுத்தார். முகத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். 

"இப்ப எங்க?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நல்ல மனுசன்க்கா. நான் கட்சி விசயம் என்னா பேசினாலும் சரி, சரின்னு கேட்டுக்குவாரு. நம்ம ஆளுன்னு நெனச்சு டீயும் பன்னும் குடுத்துட்டிருந்தேன். அப்பறம் ஒரு நாள் அந்தக் கட்சிக்காரன் ஒருத்தன் வந்து எங்க தலைவர பத்தி அசிங்கமா பேசுனான். என்னா பெரியவரே, நான் சொல்றது கரெக்டுதானன்னு இவர கேட்டான். அவனுக்கும் சரின்னுட்டாரு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சுக்கா. என் டீய குடிச்சிட்டு அவனுக்குத் தலையாட்டறியா, எழுந்து போய்யான்னுட்டேன். போயிட்டாரு."

அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தார். கொழுந்தனார் அண்ணனைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒருவர் கட்சியை ஒருவர் சொல்லித் திட்ட ஆரம்பித்தார்கள். நான் அவர்களை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்து ஓடினேன். மீன் கூடையோடு வந்த ஓர் அம்மா, அப்படி ஒருவர் தண்ணியோரமாகவே வடக்கே நடந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னார். என்றைக்கு என்று அவருக்கு நினைவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டேன், படகுகளுக்கு இடையில் தேடினேன். கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு வந்துவிடுகிறது, அங்கே வேறு போலீஸ், வேறு புகார். அங்கேயும் கொடுத்தோம். அதற்கு வடக்கே அவரைப் பார்த்த ஒருவரையும் இன்றுவரை நாங்கள் சந்திக்கவில்லை.

டீக்கடைக்காரர் மறுநாள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். "வீடியோவ அழிச்சிடறேன்க்கா, வெக்கமா கீது" என்றார். நான் அவர் காலில் விழாத குறையாக, அழிக்காதே என்று கெஞ்சினேன். என்னவென்று புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதை நான் தினமும் பார்க்கிறேன். நான் பார்ப்பதும் பார்த்தவர்கள் கணக்கில் சேர்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு போன் அந்தக் கட்சியின் பேச்சுகளையே வரிசையாகக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஒரு நாள் எட்டிப் பார்த்த அண்ணன், "நீயும் அந்தப் பக்கம் பூட்டியா?" என்று கேட்டார். நான் போனை அவரிடம் கொடுக்கவில்லை. அந்த ஆள் கத்துவதை முழுக்கக் கேட்டால்தான் கை வீசும் இடம் வரும். தோள் விலகியதும் என் வீட்டுக்காரர் வருகிறார். டீ குடிக்கிறார், ஒரு தடவை இந்தப் பக்கம் பார்க்கிறார். கொஞ்சம் இளைத்திருக்கிறார்.